நாளைக்கு வேலை உண்டா?

ஒரு டீயோடு முடிகிற பேச்சு இல்லை இது, இரண்டாகவே சொல்லிவிடுங்கள். கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ மெஸ், மீன் கடை, ஐஸ் கம்பெனி, லாட்ஜ், பட்டறை என்று எதையாவது நடத்துகிறவர் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்டிருப்பார்கள்: “ஒரு நாள் கூட்டம் அள்ளுது, மறுநாள் ஈ ஓட்டுறோம். எத்தனை ஆள்தான் வைக்கிறது?” அதே ஊரில், இரவு கடை கட்டும் நேரத்தில், கை கழுவிவிட்டு நிற்கும் தொழிலாளி கேட்பது வேறு: “நாளைக்கு வேலை உண்டாண்ணே?”

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே தாளில்தான் இருக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி ஒட்டும் தாள் அது. அதை எப்படி எழுதுவது, எழுதாமல் விட்டால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் துறைமுகத்துக்குப் போவோம். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 ஆனது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும். கரையோரம் தொழில் செய்யும் ஃபைபர் படகுகள் போய் வரும் என்றாலும், முதுநகரில் இறங்கும் மீன் வெகுவாகக் குறைந்துவிடும். படகு போகாவிட்டால் வேலை இல்லாமல் போவது படகில் ஏறுகிறவருக்கு மட்டும் இல்லை. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீனைத் தரம் பிரிப்பவர், சுத்தம் செய்து நறுக்கிக் கொடுக்கும் பெண்கள், வண்டியில் லோடு ஏற்றுகிறவர், வாசலில் டீயும் இட்லியும் விற்கிறவர் என்று அந்தச் சங்கிலி நீளமானது. கடல் மீனவக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தரும் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023-இல் வந்தது. மீனவர் பட்டியலில் பெயர் இல்லாத கரைத் தொழிலாளிக்கு அந்த இரண்டு மாதமும் அவரவர் பாடு.

இப்போது ஒன்றை யோசியுங்கள். இந்த 61 நாள் யாருக்காவது திடீரென்று வந்ததா? தேதி போட்டு வருகிறது. அடுத்த ஆண்டும் வரும்.

நம் ஊர்த் தொழில்களின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி இப்படித்தான், தினசரி காலண்டரிலேயே அச்சாகி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் நிற்க இடம் இருக்காது. வெள்ளி, அமாவாசை, கிருத்திகையில் வாங்க ஆள் இருக்காது. புரட்டாசி முழுக்க அசைவம் சரியும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் இன்னொரு சரிவு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபமும் சமையல் கோஷ்டியும் சும்மா இருக்கும். தை பிறந்தால் இருவருக்கும் மூச்சு விட நேரமில்லை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்று ஆண்டுக்கு இரண்டு பெருவிழா. மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. அந்த நாட்களில் நான்கு தேர் வீதிகளிலும் இட்லிக்கும் கத்திரிக்காய் கொத்சுக்கும் வரிசை நிற்கும். பிச்சாவரம் படகுத் துறைக்குப் பள்ளி விடுமுறையும் சனி ஞாயிறும்தான் வேலை. அண்ணாமலை நகரில் அறை வாடகையும் ஜெராக்ஸ் கடையும் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வோடு ஏறி இறங்கும்.

ஆக, மாறும் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தேதியே தெரிந்தது: தடைக்காலம், திருவிழா, ஞாயிறு, சம்பளத் தேதி. இரண்டு, பருவம் தெரியும், நாள் தெரியாது: ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்த ஊர் மறக்காது. வடகிழக்குப் பருவத்தில் அப்படி ஒரு வாரம் தொலையலாம் என்பதும் நமக்குத் தெரியும். மூன்று, எதுவுமே தெரியாதது: சப்ளையருக்குக் காய்ச்சல், திடீரென்று இரண்டு பஸ் நிறைய சுற்றுலாக்காரர்கள். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி “பிசினஸே இப்படித்தான், சொல்ல முடியாது” என்று பேசுவதில்தான் தப்பு தொடங்குகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதான். உங்கள் கடை எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். முதுநகரில் ஒரு மீன் சாப்பாட்டு மெஸ். மதியச் சாப்பாடு திங்கள் 160, செவ்வாய் 160, புதன் 200, வியாழன் 160, வெள்ளி 120, சனி 120, ஞாயிறு 320. ஒரு சப்ளையர் 40 சாப்பாட்டைச் சிரமமில்லாமல் பார்த்துக்கொள்வார். அப்படியானால் தேவைப்படும் சப்ளையர்கள்: திங்கள் 4, செவ்வாய் 4, புதன் 5, வியாழன் 4, வெள்ளி 3, சனி 3, ஞாயிறு 8. வாரத்துக்கு மொத்தம் 31 ஆள்-நாள். ஓய்வு நாள் சம்பளத்தையும் சேர்த்து, வேலை நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முதலாளி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து 8 பேரை நிரந்தரமாக வைக்கிறார். ஆளுக்கு 6 நாள், மொத்தம் 48 ஆள்-நாள், வாரம் 28,800 ரூபாய். அதில் 17 ஆள்-நாள் சும்மா போகிறது. மூன்று மாதத்தில் அவர் நான்கு பேரை ஒரேயடியாக நிறுத்துவார்.

இன்னொருவர் நிரந்தரமாக யாரையும் வைப்பதில்லை. தினமும் காலையில் போன் போட்டு, “இன்னைக்கு வா”, “இன்னைக்கு வேணாம்” என்கிறார். 31 ஆள்-நாள், 18,600 ரூபாய். பார்க்கச் சிக்கனம்தான்.

மூன்றாமவர் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். 5 பேரை நிரந்தரமாக வைக்கிறார். வார ஓய்வை வெள்ளிக்கிழமை இருவருக்கு, சனிக்கிழமை இருவருக்கு, திங்கட்கிழமை ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கிறார். வெள்ளியும் சனியும் 3 பேர், திங்கள் 4 பேர், புதன் 5 பேர். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. செவ்வாயும் வியாழனும் ஒவ்வொரு ஆள் உபரி. குறைவது ஞாயிற்றுக்கிழமை 3 பேர் மட்டும். அதற்கு ஞாயிறு மட்டும் வருகிற 3 பேரை, மாத ஆரம்பத்திலேயே தேதி சொல்லி அமர்த்துகிறார். 33 ஆள்-நாள், 19,800 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ஆளுக்கு 100 ரூபாய் கூடக் கொடுத்தாலும் 20,100.

காலையில் போன் போடுகிறவருக்கும் இவருக்கும் வித்தியாசம் வாரத்துக்கு 1,500 ரூபாய். அந்த 1,500 ரூபாய்க்கு இவருக்கு என்ன கிடைக்கிறது? வாடிக்கையாளரின் முகமும் கையும் தெரிந்த ஐந்து பேர். ஞாயிறு காலையில் “வேற மெஸ்ஸுக்குப் போயிட்டேண்ணே” என்ற பதில் வராது. செவ்வாயும் வியாழனும் உபரியாக இருக்கும் ஆள் மசாலா அரைப்பதையும் பாத்திரம் தேய்த்து அடுக்குவதையும் பார்த்துக்கொள்வார். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கு இலை போடுவார். இதில் ஒரு குறை மட்டும் இருக்கிறது: ஐந்து பேருக்கும் ஞாயிறு ஓய்வு இல்லை. பிள்ளைகளோடு இருக்கும் நாள் அது. நான்காவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பிடித்துவிட்டால், சுற்று முறையில் ஐந்து வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். ஆள் நிலைத்து நிற்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இந்த மூன்றாமவர் செய்ததுதான் ஆள் திட்டத்தின் முழு சாரம். அடித்தளமாக நிரந்தர ஆட்கள்: எண்ணிக்கை உச்ச நாளைப் பார்த்து இல்லை, சாதாரண நாளைப் பார்த்து. அதன் மேல், தேதி சொல்லி வைத்த கூடுதல் ஆட்கள்: திருவிழாவுக்கும் ஞாயிறுக்கும். அதற்கும் மேல் கொஞ்சம் கைவசம்: எதிர்பாராததற்கு. நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆளை நகர்த்துவதற்கு முன் வேலையை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஞாயிறுக்கான மசாலாவைச் சனியன்றே அரைக்கலாம். லாட்ஜில் வெள்ளையடிப்பதையும் ஏ.சி. சர்வீஸையும் புரட்டாசிக்குத் தள்ளலாம். படகு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதையும் பெயின்ட் அடிப்பதையும் விசைப்படகுக்காரர்கள் தடைக்காலத்தில்தான் செய்கிறார்கள். சொல்லித்தராமலே கற்றுக்கொண்ட பாடம் அது.

ஆள் கிடைப்பதற்கும் ஒரு காலண்டர் உண்டு. சம்பா நடவிலும் தை அறுவடையிலும் வீராணம் பாசனப் பகுதி ஊர்களிலிருந்து வரும் ஆட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அப்போது “ஆளே கிடைக்கல” என்று புலம்பிப் பயனில்லை. அதே போல, துறைமுகத்தில் வேலை குறையும் ஏப்ரல், மே, ஜூனில்தான் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் குவிகின்றன. பிச்சாவரத்துக்குக் கோடை விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான். ஒருவர் தொழில் இறங்கும் மாதத்தில் இன்னொருவர் தொழில் ஏறுகிறது. இரண்டு முதலாளிகள் உட்கார்ந்து பேசி, ஒரே ஆளுக்கு ஆண்டு முழுக்க வேலை கொடுக்கும்படி மாதங்களைப் பிரித்துக்கொண்டால், இருவருக்குமே பழகிய ஆள் கிடைப்பார். நம் மாவட்டத்தில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது.

இப்போது கைவசம் வைக்கும் அந்தக் கொஞ்சத்தைப் பற்றி. “சும்மா நிக்கிற ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?” என்று தோன்றும். 1909-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் இதே கேள்வியைத்தான் எடுத்தார்: எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும்? அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் சொல்வதை நம் பார்சல் கவுண்டரில் வைத்துப் பார்ப்போம். ஒரு ஆளை அனுப்பச் சராசரியாக 2 நிமிடம். அப்படியானால் மணிக்கு 30 பேரைக் கவனிக்கலாம். மணிக்கு 24 பேர் வந்தால், ஆட்கள் சீராக இல்லாமல் முன்பின்னாக வருவதால், ஒருவர் சராசரியாக 8 நிமிடம் வரிசையில் நிற்பார். 27 பேர் வந்தால் 18 நிமிடம். மணிக்குச் சராசரி இருபத்தெட்டரை பேர் என்றால் 38 நிமிடம். வந்தவர் கூடியது நான்கைந்து பேர்தான். காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஆளை நூற்றுக்கு நூறு பிழிந்து வேலை வாங்குகிற கடையில் வரிசை எப்போதும் வாசல் தாண்டி நிற்பது இதனால்தான். சும்மா நிற்பதாகத் தெரிகிற அந்த ஒரு ஆள்தான் வரிசை உடையாமல் காக்கிறார்.

இதை அலட்சியம் செய்தால் பெரிய கம்பெனியும் விழும். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டியும், இரவில் விமானம் இறக்கும் எண்ணிக்கையைக் குறைத்தும் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை இயக்ககம் விதி கொண்டுவந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விதி வரப்போவது முன்கூட்டியே தெரியும். ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். கைவசம் இல்லாத டூட்டிப் பட்டியல் அப்படித்தான் முறியும்.

ஷிஃப்ட் முறைக்கு வருவோம். குடிகாடு சிப்காட்டில் இருக்கும் ரசாயன ஆலைகள் மாதிரியான இடங்களில் பாய்லரை இரவு நேரத்தில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. அங்கெல்லாம் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட். “மூணு ஷிஃப்ட்டுன்னா ஒரு இடத்துக்கு மூணு ஆள்” என்று சிறு பட்டறைக்காரர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி வராது. வாரத்துக்கு 168 மணி. ஒருவர் சட்டப்படி வேலை செய்யக்கூடியது 48 மணி. வகுத்தால் மூன்றரை. விடுப்பு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஓய்வில்லாமல் ஓடும் ஒரு இடத்துக்கு நான்கு ஆள் வேண்டும். மூன்றே பேரை வைத்து ஓட்டுகிற இடத்தில் மீதி நேரம் “டபுள் டூட்டி”யாக யாரோ ஒருவர் உடம்பிலிருந்துதான் வருகிறது. ரசாயன ஆலையில் அந்தப் பதினாறாவது மணி நேரம் எவ்வளவு ஆபத்தானது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஷிஃப்ட் மாற்றுவதிலும் ஒரு திசை உண்டு. காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கி நகர்வதை உடம்பு ஏற்கும். இரவிலிருந்து பிற்பகல், பிற்பகலிலிருந்து காலை என்று பின்னோக்கி இழுத்தால் தூக்கம் கெடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாதுப் பொருள் ஆலையில் செய்த ஆய்வு 1982-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. வாரா வாரம் பின்னோக்கி மாறிய ஷிஃப்ட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்னோக்கி மாற்றியதும் தொழிலாளர் திருப்தியும் உற்பத்தியும் கூடின. இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் சேர்த்தது; 2019-இல் மறுபடியும் உறுதி செய்தது. ஆகவே இரவு ஷிஃப்ட்டை ஒருவர் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. இரவு 10 மணிக்குக் கடை சாத்திப் போனவரை மறுநாள் காலை 6 மணிக்கு வரச் சொல்வதும் கூடாது. நடுவில் இருப்பது 8 மணி நேரம். அதில் கிராமத்துக்குக் கடைசி பஸ், சாப்பாடு, குளியல், திரும்பி வரும் முதல் பஸ் எல்லாம் போக மிச்சம் என்ன?

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று வகுத்தது. வேலை நேரத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டாலும், 48 மணியும் இரட்டைச் சம்பளமும் அதிலும் தொடர்கின்றன. கடைகளுக்கு வேறு விதி. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-இல் அனுமதித்து, பிறகு நீட்டித்தது. கடைக்குத்தான் 24 மணி, ஆளுக்கு இல்லை. ஒருவருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும். அன்றைக்கு யாருக்கு விடுமுறை என்று கடையில் எழுதிப் போட வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வைக்க அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும்.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா நினைவிருக்கும். வாரம் 48 மணி மாறாது, விரும்புகிறவர் நான்கு நாளில் முடித்துக்கொள்ளலாம், குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் திரண்டன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதன் நூற்றாண்டு நாள் அது. நெகிழ்வான நேரம் என்பதே கெட்டது இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு 10 மணிக்கு வருகிறேன் என்று ஒரு பெண் கேட்பதும் நெகிழ்வுதான். அந்த நெகிழ்வு யார் கையில் இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னால் வேலை போகாமல் இருக்குமா என்பதைத்தான் மக்கள் அன்றைக்குக் கேட்டார்கள். சரியான கேள்வி.

இன்னொரு நேர்மையும் வேண்டும். மாறுகிற வேலைக்குத்தான் மாறுகிற ஆள். ஆண்டு முழுக்க மாறாமல் இருக்கும் வேலைக்குத் தற்காலிக ஆளை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது வேறு விஷயம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே தொடர்ச்சியான தன்மையுள்ள வேலையா என்று பார்க்கச் சொன்னது. நெய்வேலி என்.எல்.சி.யில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு மறுபடி மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் அடியில் இருப்பது அந்தக் கேள்விதான்: தினமும் நடக்கிற வேலைக்கு நான் மட்டும் ஏன் தற்காலிகம்? நேர்மாறான தவறுக்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், தொலைதூரக் கல்வி கொழித்த காலத்தில் ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. வருமானம் சரிந்ததும் நெருக்கடி முற்றி, 2013-இல் அரசு தனிச் சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. உபரி ஊழியர்கள் மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைச் சேர்த்திருந்தவர்கள் வெளியூரில் அறை எடுத்துத் தங்க வேண்டியதாயிற்று. உச்ச வருமானத்தைப் பார்த்து ஆள் எடுத்தாலும் கடைசியில் அடி ஊழியருக்குத்தான்.

“பதினைந்து நாளுக்கு முன்னாலேயே எழுதிப் போட்டா வியாபாரம் படுத்துடாதா?” என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் பதில் இருக்கிறது. 2015-16-இல் சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ பகுதிகளில் இருந்த கேப் துணிக்கடைகள் 28-இல், ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு வாரம் முன்பே டூட்டித் தாள் என்பது எல்லாக் கடைகளிலும் வந்தது. அதோடு வாரா வாரம் மாறாத வருகை நேரம், ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாம் சில கடைகளில் கொடுக்கப்பட்டன. அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதமும் உழைப்பின் உற்பத்தித்திறன் 5 சதவீதமும் கூடின. அவர்கள் கண்ட இன்னொன்று முக்கியமானது. கடைசி நேர மாற்றங்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளரால் வந்தவை அல்ல. தலைமை அலுவலகம் சரக்கை மாற்றி அனுப்பியதாலும் தள்ளுபடித் தேதியைத் திடீரென்று மாற்றியதாலும் வந்தவை. சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்கள் பெரிய கடைகளுக்கு இரண்டு வார முன்னறிவிப்பைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன.

முன்கூட்டியே முறை பிரித்துக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆறு கால பூஜையைப் பொது தீட்சிதர்கள் முறை வைத்துத்தான் செய்கிறார்கள். முதுநகர் விசைப்படகிலும் ஒரு நியாயம் இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் படகுக்காரரும் தொழிலாளிகளும் பங்கு பிரிக்கிறார்கள். மீன் படாத நாளில் நட்டத்தைச் சேர்ந்து தாங்குகிறார்கள். வலை நிறைந்த நாளில் சேர்ந்து எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் நாள் கூலிக்கு நிற்கிறவருக்கோ மந்தமான நாளின் நட்டம் மட்டும் உண்டு, கூட்டமான நாளின் லாபம் இல்லை. நட்டத்தில் பங்கு கொடுத்தால் லாபத்திலும் கொடுக்க வேண்டும்: விழா நாளுக்குக் கூடுதல் பேட்டா, வரச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பினால் அரை நாள் கூலி. இந்த இரண்டை மட்டும் வழக்கமாக்கிவிட்டால், காரணமில்லாமல் ஆளைக் கூப்பிடும் பழக்கமே முதலாளிக்குக் குறைந்துவிடும்.

சரி, நாளைக்கே தொடங்க என்ன வேண்டும்? ஒரு பழைய நோட்டு போதும். கடந்த மூன்று மாதத்தின் கல்லா எண்ணிக்கையைக் கிழமை வாரியாக எழுதுங்கள். பக்கத்தில் தடைக்காலம், விழா, முகூர்த்தம், தேர்வு, அறுவடை ஆகியவற்றின் தேதிகளைக் குறியுங்கள். சாதாரண நாளுக்கு எத்தனை ஆள் என்று பார்த்து அவர்களை நிரந்தரமாக்குங்கள். உச்ச நாளுக்கு யார் என்று இப்போதே பேசி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு வேலையைப் பழக்குங்கள். கிளீனருக்குப் பார்சல் கட்டத் தெரியட்டும், சப்ளையருக்குக் கல்லா பார்க்கத் தெரியட்டும், தெரிந்ததற்கு ஏற்ப சம்பளமும் கூடட்டும். தாள் எழுதுவதற்கு முன் யாருக்கு எந்த நாள் முடியாது என்று கேளுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒட்டிய பிறகு நீங்களாக மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் அதற்கு ஒரு தொகை கொடுங்கள்.

கூட்டம் கூடுவதையும் குறைவதையும் நிறுத்துவது நம் கையில் இல்லை. எந்த நாளில் கூடும், எந்த நாளில் குறையும் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியும். தெரிந்ததைத் தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்வது முழுக்க நம் கையில் இருக்கிறது. கடை நடத்துகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வாரம் முடிவதற்குள், அடுத்த இரண்டு வாரத்துக்கான டூட்டித் தாளை எழுதி, உங்கள் ஆட்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.